பருமனா என்பதல்ல, நடக்க முடிகிறதா என்பதே கேள்வி

டென்மார்க்கில் பில்லுண்ட் நகராட்சிக்காகச் சுமார் 15 ஆண்டுகள் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டார் ஒருவர். எடை 160 கிலோவுக்குக் குறைந்ததே இல்லை. 2010 நவம்பரில் வேலை போனது. குழந்தைகள் குறைந்துவிட்டார்கள் என்றது நகராட்சி. உடம்புதான் காரணம் என்றார் அவர். வழக்கு ஐரோப்பிய நீதிமன்றம் வரை போனது.

2014 டிசம்பர் 18-இல் தீர்ப்பு வந்தது. பருமன் என்பதாலேயே ஒருவர் மாற்றுத்திறனாளி ஆகிவிட மாட்டார். ஆனால் நடமாட்டம் நெடுங்காலம் குன்றி, மற்றவர்களைப் போல வேலை செய்ய முடியாமல் போனால், சட்டம் அவரைக் காக்க வேண்டும். அந்த நிலைக்கு அவரே எவ்வளவு காரணம் என்று கேட்கத் தேவையில்லை என்றும் நீதிமன்றம் சொன்னது.

நம் ஊரில் முதலில் கேட்கப்படுவதே அந்தக் கேள்விதான். "வாயைக் கட்டினால் சரியாகிவிடாதா?" வீட்டிலும் கேட்கிறார்கள், ஆஸ்பத்திரி வரிசையிலும் கேட்கிறார்கள். கேட்டுக் கேட்டு மருத்துவரிடம் போவதையே தள்ளிப்போடுபவர்கள் எத்தனையோ பேர்.

2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரையான பெண்களில் சுமார் 40 சதவீதத்தினருக்கு எடை அதிகம். இவர்களில் பலர் நன்றாகவே நடமாடுகிறார்கள். அல்லல்படுபவர்களுக்குச் சிக்கல் பெரும்பாலும் முழங்காலில் தொடங்குகிறது. பஸ்ஸின் முதல் படியில் கால் வைக்க இரு கையாலும் கம்பியைப் பிடித்து உடம்பை இழுக்க வேண்டும். தரையோடு பதித்த கழிப்பறையில் உட்கார்ந்தால் எழ முடியாது. அதற்குப் பயந்தே வெளியூர்க் கல்யாணத்துக்குப் போகாத பெண்கள் இருக்கிறார்கள். வலியால் நடை குறைகிறது, நடை குறைய எடை ஏறுகிறது. ஒரு கிலோ குறைந்தாலே ஒவ்வோர் அடியிலும் முழங்காலுக்குச் சுமார் நான்கு கிலோ பாரம் மிச்சம் என்று 2005-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டியது. அந்த ஒரு கிலோவைக் குறைக்க நடக்க வேண்டுமே!

இந்தியாவின் 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைகளைப் பட்டியலிடுகிறது. பருமன் அதில் இல்லை. சேர்க்கவும் வேண்டாம், நன்றாக நடமாடுபவர் மீதும் அது முத்திரை குத்திவிடும். ஆனால் நடக்க முடியாமல் போனவரை மதிப்பிடும்போது, பருமனைக் காட்டி அவரைத் திருப்பி அனுப்பக் கூடாது. தமிழ்நாட்டில் 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இயன்முறை மருத்துவர்கள் வீட்டுக்கே வருகிறார்கள். எடையைக் குறித்துக்கொள்வதோடு, தரையிலிருந்து எழ முடிகிறதா, பஸ் ஏற முடிகிறதா என்றும் அவர்கள் கேட்டு எழுதட்டும். முடியாதவர்களுக்கு முழங்கால் பயிற்சியும் கழிப்பறையில் ஒரு கைப்பிடியும் அந்த வாரமே கிடைக்கட்டும்.