கானாவும் கண்ணும்: ஒத்த ஓசை உறவாகுமா?

சாந்த்ராகாச்சி ரயில் நிலையத்தருகே நான் வழக்கமாகத் தேநீர் அருந்தும் கடையில் சென்ற வாரம் ஒரு வங்காளப் பழமொழி காதில் விழுந்தது: ‘கானா சேலேர் நாம் பத்மலோசன்’. பார்வையற்ற பிள்ளைக்குத் தாமரைக்கண்ணன் என்று பெயராம். பொருந்தாத பட்டம் சுமப்பவரைக் கேலி செய்யச் சொல்வது. அன்று காலைதான் சென்னையிலிருந்து வந்திறங்கிய ஆய்வு நண்பர் ‘கானா’ என்ற சொல்லைப் பற்றிக்கொண்டார். “காணா! கண் காணாதவன். தூய தமிழ்ச் சொல்லல்லவா இது?” என்றார். இரவுக்குள் அது ஒரு பதிவாகி, நூற்றுக்கணக்கான விருப்பக்குறிகளையும் பெற்றுவிட்டது.

அவரைக் குறைகூற எனக்குத் தகுதியில்லை. முதுகலையின் முதல் பருவத்தில் நானும் அதையேதான் எழுதியிருப்பேன். ஆயினும் அச்சொல்லின் வரலாறு அப்பதிவு காட்டுவதைவிடச் சிக்கலானது.

வங்காளத்தில் ‘கானா’ பார்வையின்மையை மட்டும் குறிப்பதன்று. ‘கானா கலி’ என்றால் முட்டுச்சந்து. ‘கானா கடி’ என்றால் ஓட்டைச் சோழி, அதாவது செல்லாக்காசு. இதன் மூலம் ஒற்றைக்கண் உடையவரைக் குறிக்கும் ‘காண’ என்னும் வடசொல். ரிக்வேதத்தின் 10ஆம் மண்டலத்திலேயே அது ஆளப்பட்டுள்ளது. அதற்கும் முந்தைய பிறப்பைப் பற்றி இரு கருத்துகள் உள்ளன. திராவிட வேராகிய ‘காண்’ என்பதோடு எதிர்மறை விகுதி சேர்ந்து உருவானது என்பது ஒன்று. இந்தோ-ஐரோப்பிய மூலம் உடையது என்பது மற்றொன்று. லகரத்தை அடுத்துப் பல்லொலி வருமிடத்தில் சமஸ்கிருதத்தில் நாவளை ஒலி தோன்றும் என்று ஃபோர்ட்டுனாட்டவ் 1881இல் ஒரு விதியை முன்வைத்தார். அதன்படி ‘கோல்னோஸ்’ போன்றதொரு பழைய வடிவம் ‘காண’ ஆகலாம். அவ்வழியில் யூலியுஸ் போக்கர்னியின் வேர்ச்சொல் அகராதி இதனோடு இணைத்துக் காட்டும் உறவுச்சொல், பழைய ஐரிஷ் மொழியில் ஒற்றைக்கண்ணரைக் குறிக்கும் ‘கொல்’. ஐரிஷ் வீரக்கதைகளில் வரும் ஒற்றைக்கண் வீரன் கொல் மாக் மோர்னாவின் பெயரும் அச்சொல்லே.

இரு கருத்துகளிலும் ஓட்டை உண்டு. ‘காணா’ என்பது முற்றிலும் பார்வையின்மையைச் சுட்ட, வடசொல்லோ ஒரு கண்ணின் இழப்பைச் சுட்டுகிறது. மறுபுறம், ‘கொல்’ என்பதன் முதலொலி ஒலிப்புடனும் ஒலிப்பின்றியும் இருவிதமாகப் பதிவாகியுள்ளது. துணைக்கு அழைக்கப்படும் கிரேக்கச் சொல் ஹெசிகியோசின் பழைய அகராதியில் ஒரு குறிப்பாகவே எஞ்சியிருக்கிறது. வழக்கு முடியவில்லை. முடியாத வழக்கில் நாமே தீர்ப்பெழுதிக்கொள்வது ஆய்வாகாது.

உறவை நிறுவுவது ஒற்றுமையன்று, ஒழுங்கான வேற்றுமையே. கெல்டிக் மொழிகளையே பாருங்கள். ஐரிஷில் கண்ணுக்கு ‘ஸூல்’. வெல்ஷில் சூரியனுக்கு ‘ஹைல்’. ஓசையும் பொருளும் விலகி நிற்பினும் இரண்டும் ஒரு வேரினவாகவே பொதுவாகக் கொள்ளப்படுகின்றன. சொல்லின் முதலில் ஐரிஷ் ஸகரம் நிற்குமிடத்தில் வெல்ஷில் ஹகரம் நிற்பது வழக்கம். உப்புக்கு ஐரிஷில் ‘ஸலன்’, வெல்ஷில் ‘ஹாலென்’. இவ்வாறு ஒரு சொல் தனித்து நில்லாமல் தன் கூட்டத்தோடு மாறும்போதுதான் உறவு உறுதியாகிறது.

இதே ஒழுங்கு நம் குடும்பத்திலும் உண்டு. தமிழ்க் ‘கண்’, குடுக் மொழியில் தொண்டையை உரசி எழும் ‘ஃகன்’. பலுசிஸ்தானின் பிராகூயியிலும் அதே ‘ஃகன்’. நம் ‘கல்’ அங்கே ‘ஃகல்’. ஆனால் இகரத்தின் முன் ககரம் மாறுவதில்லை: நம் ‘கீழ்’, குடுக்கில் ‘கிய்யா’. எங்கே மாறும், எங்கே மாறாது என்று முன்கூட்டியே சொல்ல முடிவதே இதன் வலிமை. காக்கையும் குடுக்கில் ‘ஃகாஃகா’தான்; எனினும் பறவையின் குரலைப் போலச் செய்யும் சொல்லாதலால் அதைச் சான்றாக முன்வைக்கத் தயங்குவேன்.

என் ஆதங்கம் இதுதான். குடுக் தொலைவில் இல்லை. 2011 கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ 20 லட்சம் பேர் பேசும் மொழி அது. வட வங்கத்தின் தேயிலைத் தோட்டங்களில் ஒலிக்கிறது. 2018இல் இம்மாநிலத்தின் ஆட்சிமொழிகளுள் ஒன்றாக ஏற்கப்பட்டது. ஃபெர்டினாண்ட் ஹானின் குடுக் இலக்கணம் 1900இலேயே கல்கத்தாவில் அச்சேறியது. ஆயினும் தமிழ் படித்த நம்முள் எத்தனை பேர் ஒரு குடுக் வாக்கியத்தையேனும் கேட்டிருக்கிறோம்? வேதத்தில் ஒரு தமிழ்ச்சொல் கிடைத்தால் கொண்டாடுகிறோம். தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் பெண்ணின் வாயில் நம் ‘கண்’ ஐயத்திற்கிடமின்றி வாழ்வதைக் கேட்க நமக்கு நேரமில்லை. பெருமை தரும் உறவையே தேடுகிறோம். உண்மையான உறவை அல்ல.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ‘ஃகன்’ தமிழிலிருந்து பிறந்ததன்று. இரண்டும் ஒரு பழைய தாயின் பிள்ளைகள். தென்மொழிகள் சமஸ்கிருதத்திலிருந்து பிறந்தவை என்ற கூற்றை 1816இல் சென்னையில் எல்லிஸ் வேர்ச்சொற்களைக் கொண்டு மறுத்தார். அம்மறுப்பின் பயனை நுகர்ந்த நாம், குடுக்கைத் தமிழின் மகள் என்று சொல்வோமாயின், நமக்கு இழைக்கப்பட்டதையே அவர்களுக்கு இழைப்பவர்களாவோம்.

எனவே ஒரு வேண்டுகோள். அடுத்த முறை ஒத்த ஓசை காதில் பட்டால், பதிவிடுமுன் மூன்று கேள்விகள் கேட்போம். இதே மாற்றம் வேறு சொற்களிலும் உண்டா? மிகப் பழைய பொருள் எது? வெறும் ஒலிக்குறிப்பாகவோ தற்செயலாகவோ இருக்க வாய்ப்புண்டா? தமிழ்த்துறைகளின் முதுகலைப் பாடத்திட்டத்தில் குடுக்குக்கோ மால்தோவுக்கோ ஒரே ஒரு தாள் கிடைத்தாலும் போதும். இக்கேள்விகள் மாணவர்க்குப் பழக்கமாகிவிடும்.

நண்பரிடம் இவ்வளவும் சொன்னேன். பதிவை அவர் நீக்கவில்லை. ஆனால் குடுக் பேசும் ஒருவரை எங்கே சந்திக்கலாம் என்று கேட்டார். எனக்கு அது போதும்.