மொட்டை மாடி யாருக்குச் சொந்தம்? கூட்டுறவுச் சூரிய மின்சாரம் குறித்து எங்கள் நிலைப்பாடு

சென்னையில் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் கட்டிய குடியிருப்புகளில் மொட்டை மாடிதோறும் சூரிய மின் தகடுகள் வர வேண்டும். அவை அங்கே குடியிருப்பவர்களின் கூட்டுறவுச் சங்கத்துக்குச் சொந்தமாக இருக்க வேண்டும். நகர்ப்புற ஏழைகளின் வீட்டுரிமைக்காகப் பணியாற்றும் எங்கள் அமைப்பு இதையே கோருகிறது. கூரையைத் தனியார் நிறுவனத்துக்கு 25 ஆண்டுக் குத்தகைக்கு விட்டு, வருமானம் வெளியே போக, குடியிருப்போர் வேடிக்கை பார்க்கும் ஏற்பாடு எதுவானாலும் அதை எதிர்ப்போம்.

2024 பிப்ரவரியில் ஒன்றிய அரசு தொடங்கிய பி.எம். சூர்ய கர் திட்டம் ஒரு கோடி வீடுகளைக் குறிவைக்கிறது. சொந்தக் கூரை உள்ளவருக்கு முதல் 2 கிலோவாட் வரை, கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய் மானியம். 3 கிலோவாட் என்றால் மொத்தம் 78,000. ஆனால் குடியிருப்போர் நலச் சங்கம் பொதுப் பயன்பாட்டுக்காக நிறுவினால் கிலோவாட்டுக்கு 18,000தான். வாரியக் குடியிருப்புகளைப் பாருங்கள்: கண்ணகி நகரில் 15,000க்கும் மேற்பட்ட வீடுகள், பெரும்பாக்கத்தில் 20,000க்கும் மேற்பட்ட வீடுகள். கூவம், அடையாறு கரைகளிலிருந்தும் நகரின் பல மூலைகளிலிருந்தும் அரசே பெயர்த்துக் கொண்டுபோய்க் குடிவைத்த மக்கள் இவர்கள். தன் பெயரில் தனிக் கூரை என்பது அடுக்குமாடியில் யாருக்கும் கிடையாது. அதனால் கூடுதல் மானியம் தனி வீட்டுக்காரருக்கே போய்ச் சேர்கிறது. இந்த வேறுபாடு நியாயமற்றது. ஏழைகளின் கூட்டுறவுக்கும் 30,000 ரூபாய் வீதமே தரப்பட வேண்டும்.

‘ஏழைகளுக்குத்தான் 100 யூனிட் இலவசமாயிற்றே, அவர்களுக்கு எதற்குச் சூரிய மின்சாரம்?’ என்று நல்லெண்ணம் கொண்டவர்களே கேட்கிறார்கள். கேள்வி சரியானது. 2016 முதல் தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். இரண்டு மின்விளக்கு, ஒரு மின்விசிறி, ஒரு தொலைக்காட்சி என்று வாழும் குடும்பத்துக்கு பில்லில் கழிப்பதற்குப் பெரிதாக ஒன்றும் இருக்காது. இதை மறைத்து, பில் பாதியாகிவிடும் என்று ஆசை காட்டுவது அந்த மக்களை ஏமாற்றுவதாகும். 

ஆனால் நகரத்து ஏழைகளில் பெரும் பகுதியினர் வாடகைக்கு இருப்பவர்கள். வீட்டுக்காரர் வைத்த துணை மீட்டரைப் பார்த்து யூனிட்டுக்கு எட்டு ரூபாய், பத்து ரூபாய் என்று கொடுக்கிறார்கள். இலவச 100 யூனிட் அவர்கள் கண்ணில் படுவதே இல்லை. நகரத்தில் மின்சாரத்துக்கு அதிக விலை கொடுப்பவர்களில் இவர்களும் உண்டு. அவர்கள் பெயரில் இணைப்பு இல்லாததால் பில்லில் கழிக்கவும் வழியில்லை. ஆகவே சங்க உறுப்பினராகும் தகுதி வீட்டின் ஒதுக்கீட்டு ஆணையைப் பொறுத்ததாக இருக்கக் கூடாது. அங்கே வாழ்வதே தகுதி. வாடகைதாரரின் பங்கைச் சங்கம் பணமாக அவர் கையில் தர வேண்டும். இந்த ஒன்றில் நாங்கள் எந்தச் சமரசத்துக்கும் தயாரில்லை.

அடுத்தது லிஃப்ட்டும் தண்ணீர் மோட்டாரும். எட்டு மாடிக் கட்டடத்தில் லிஃப்ட் நின்றுவிட்டால் கர்ப்பிணிகளும் முதியவர்களும் என்ன பாடு படுவார்கள் என்பதைப் பெரும்பாக்கத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். 2022 செப்டம்பர் கட்டண உயர்வில் அடுக்குமாடிகளின் பொதுப் பயன்பாட்டுக்கு யூனிட்டுக்கு 8 ரூபாய் என்று தனிப்பிரிவே வந்தது. அடுக்குமாடி வாழ்க்கையில் சூரிய மின்சாரம் முதலில் இறக்கி வைக்க வேண்டிய சுமை இந்தப் பொதுச் செலவுதான்.

இலவச யூனிட்டுகளும் வானத்திலிருந்து விழுவதில்லை. அவற்றுக்கான தொகையை மாநில அரசு மின் பகிர்மானக் கழகத்துக்கு மானியமாகக் கட்டுகிறது. அதில் ஒரு பகுதியை, அதே மாடியில் மின்சாரம் உண்டாக்கும் மக்கள் சங்கத்துக்கு யூனிட் விலையாகத் தரலாம். அதற்காக 100 யூனிட் இலவசத்தில் கைவைப்பதை எந்த நிலையிலும் ஏற்க மாட்டோம்.

கூரையின் கணக்கையும் நேர்மையாகப் பார்க்க வேண்டும். ஒரு கிலோவாட்டுக்கு நிழல் விழாத இடம் ஏறத்தாழ 100 சதுர அடி வேண்டும்; சென்னை வெயிலில் அது நாளொன்றுக்குச் சுமார் 4 யூனிட் தரும். வீடு 400 சதுர அடி என்றும் எட்டு தளம் என்றும் வைத்தால், ஒரு வீட்டின் பங்குக்கு 50 சதுர அடிக் கூரைதான் வரும். தண்ணீர்த் தொட்டியும் லிஃப்ட் அறையும் பாதியை எடுத்துக்கொண்டால், இரண்டு மாதத்துக்கு வீட்டுக்கு 60 யூனிட் தேறும். போதாது. அருகிலுள்ள அரசுப் பள்ளி, பேருந்துப் பணிமனை, சமுதாயக்கூடம் ஆகியவற்றின் கூரைகளையும் சங்கத்துக்குத் தர வேண்டும். அங்கே உற்பத்தியாகும் யூனிட்டுகளைப் பல வீடுகளின் பில்லில் பங்கிட்டுக் கழிக்க விதி வேண்டும். டெல்லி இதற்கான வழிகாட்டு விதிகளை 2019இலேயே வெளியிட்டது. தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம் இப்படிப் பங்கிட்டுக் கழிக்கும் வசதியை வாரியக் குடியிருப்புகளுக்கு நடைமுறையில் கிடைக்கச் செய்ய வேண்டும்.

விதி முதலில் வந்தால் மக்கள் பின்னால் வருவார்கள் என்பதற்கு ரியோ டி ஜெனிரோ சான்று. பிரேசிலின் மின் ஒழுங்குமுறை ஆணையம் 2015இல் கூட்டுறவுகள் உற்பத்தியைப் பகிர்ந்துகொள்ள அனுமதித்தது. 2021இல் பாபிலோனியா, ஷப்பேயு மங்கேய்ரா என்ற குன்றுக் குடிசைப் பகுதிகளின் மக்கள் கூட்டுறவு அமைத்தார்கள். குடியிருப்போர் சங்கக் கட்டடத்தின் மேல் தகடுகள். உறுப்பினர் குடும்பங்களின் பில்லில் யூனிட்டுகள் கழிகின்றன. மிச்சமாகும் தொகையில் ஒரு பகுதி பராமரிப்புக்கும் விரிவாக்கத்துக்கும் பொது நிதியில் சேர்கிறது. இலண்டனின் பிரிக்ஸ்டன் பகுதியிலும் 2012இல் வாடகைக் குடியிருப்பொன்றின் மேல் 37 கிலோவாட் கூட்டுறவு அமைப்பு நிறுவப்பட்டது. அவ்வட்டார இளைஞர்களுக்கு அதில் ஊதியத்தோடு பயிற்சியும் கிடைத்தது. முகவரியைக் கேட்டதுமே வேலை மறுக்கப்படும் கண்ணகி நகர் இளைஞர்களுக்கு இந்தப் பயிற்சி பில் கழிவைவிடப் பெரிய பலனாக இருக்கும் என்று நாங்கள் நம்புகிறோம்.

கூட்டுறவு என்றதும் தேர்தல் இல்லாமல் தனி அலுவலர் நடத்தும் சங்கங்கள் பலருக்கு நினைவுக்கு வரும். அந்த அச்சம் நியாயமானது. ஆனாலும் 1904இல் திருவல்லிக்கேணியில் தொடங்கிய நகர்ப்புறக் கூட்டுறவுச் சங்கத்தின் ஊர் இது. ஆளுக்கொரு வாக்கு, ஆண்டுதோறும் பொதுக்குழு, நிர்வாகத்தில் பாதிப் பேர் பெண்கள், மாதக் கணக்கு அறிவிப்புப் பலகையில். இவை சட்டவிதியிலேயே எழுதப்பட வேண்டும். மகளிர் சுயஉதவிக் குழுக்களில் பல ஆண்டுகளாகக் கணக்கு எழுதிவரும் பெண்கள் எல்லாக் குடியிருப்பிலும் இருக்கிறார்கள்.

தகடு 25 ஆண்டு உழைக்கும். இன்வெர்ட்டரைப் பத்து, பன்னிரண்டு ஆண்டில் மாற்ற வேண்டியிருக்கும். அதற்கான பணத்தை முதல் ஆண்டிலிருந்தே ஒதுக்க வேண்டும். வர்தா புயலையும் 2023 டிசம்பர் வெள்ளத்தையும் கண்ட பகுதியில் காப்பீடு கட்டாயம்; கருவிகளைத் தரைத்தளத்தில் வைக்கவே கூடாது. பேட்டரி இல்லாத அமைப்பு மின்தடை வந்தால் தானும் நின்றுவிடும் என்பதை மக்களுக்கு முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

குடியிருப்போருக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் மாடியில் தகடு வைக்கிறோம் என்று ஒப்புதல் கையெழுத்துக் கேட்டு யார் வந்தாலும் சில கேள்விகளைக் கேளுங்கள்: தகடு யார் பெயரில் இருக்கும்? வருமானம் யார் கணக்கில் சேரும்? வாடகைக்கு இருப்பவருக்கு என்ன கிடைக்கும்? பழுதானால் யார் பொறுப்பு? பதிலை எழுத்தில் வாங்குங்கள். தர மறுத்தால் கையெழுத்திடாதீர்கள்.