கையெழுத்துப் போடுபவர் ஒருவர், கட்டுபவர் இன்னொருவர்

வீட்டு வரைபடத்தில் கையெழுத்துப் போட்ட பொறியாளர் அந்த மனையை மிதித்திருக்க மாட்டார். வீட்டைக் கட்டும் மேஸ்திரி அந்த வரைபடத்தைப் பார்த்திருக்க மாட்டார். நடுவில் பணம் கொடுப்பவர், இருவரும் சேர்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொள்கிறார்கள் என்று நம்பிக்கொண்டிருப்பார். பாலக்கோடு, பென்னாகரம், அரூர், பாப்பிரெட்டிப்பட்டி என்று தருமபுரி மாவட்டம் முழுக்க எழும்பும் எத்தனையோ வீடுகளின் கதை இதுதான். புது வீட்டுக்காவது ஒரு கையெழுத்து இருக்கிறது. பழைய வீட்டை இடித்துத் திருத்தும்போது, மேலே ஒரு மாடி எடுக்கும்போது, பெரும்பாலும் அதுவும் இருப்பதில்லை. இதை இனியும் அவரவர் வீட்டு விஷயம் என்று விட்டுவிட முடியாது.

இந்த மாவட்டத்துக்குக் கட்டட வேலை புதிதல்ல. மழை பொய்த்த ஊர்களிலிருந்து பெங்களூருக்குப் போய், கொத்தனாராகவும் சித்தாளாகவும் கம்பி கட்டுபவராகவும் உழைத்தவர்கள் இங்கே ஏராளம். அந்தச் சம்பாத்தியம்தான் சொந்த ஊரில் வீடாக நிற்கிறது. அவர்களுடைய கைத்திறனைக் குறை சொல்ல இந்தத் தலையங்கம் எழுதப்படவில்லை. ஆனால் பெங்களூரில் அதே கொத்தனார் வேலை செய்யும் பெரிய கட்டடத்தில், எந்தத் தூணுக்கு எத்தனை கம்பி, என்ன கனம் என்பதை வேறொருவர் கணக்குப் போட்டுத் தாளில் கொடுத்திருப்பார். ஊரில் அந்தத் தாள் இல்லை. "போன வீட்டுக்கு இப்படித்தான் போட்டோம்" என்ற ஞாபகமே கணக்காகிவிடுகிறது. போன வீடு நின்றது பாறை மேல், இந்த வீடு நிற்பது மூடப்பட்ட கிணற்றின் ஓரம் என்றால், அந்த ஞாபகம் எதற்கும் உதவாது.

அரசு நடைமுறையும் மாறிவிட்டது. 2024 ஜூலையில் தமிழக அரசு சுயசான்றிதழ் முறையில் கட்டட அனுமதியைத் தொடங்கியது. 2,500 சதுர அடிக்கு உட்பட்ட மனையில், தரைத்தளத்துடன் முதல் தளம் சேர்த்து 3,500 சதுர அடி வரை கட்டும் வீட்டுக்கு இணையவழியில் உடனடி அனுமதி கிடைக்கிறது. முன்கூட்டிய கள ஆய்வு கிடையாது. பணி நிறைவுச் சான்றும் வேண்டியதில்லை. அலைச்சலும் கையூட்டும் குறைய இது நல்ல வழி, மறுப்பதற்கில்லை. ஆனால் இதன் பொருளை மக்களுக்கு யாரும் சொல்லவில்லை. விதிப்படி கட்டுகிறேன் என்று உறுதி சொல்பவர் இப்போது வீட்டு உரிமையாளர். அனுமதி கிடைத்துவிட்டதால் அரசு வீட்டைச் சரிபார்த்துவிட்டது என்று நினைத்தால் அது தவறு. உரிமையாளர் தேர்ந்தெடுக்கும் பொறியாளர் பார்த்தால்தான் உண்டு.

மிகப் பெரிய ஆபத்து பழைய வீடுகளைத் திருத்துவதில் இருக்கிறது. கருங்கல்லும் மண்ணும் சேர்த்து எழுப்பிய சுவரும் செங்கல் சுவருமே கூரையைத் தாங்கும் வீடுகள் இங்கே நிறைய. அவற்றில் தூணும் இல்லை, பீமும் இல்லை. ஹாலையும் சமையலறையையும் ஒன்றாக்க நடுச்சுவரை எடுத்துவிடலாம் என்று படம் காட்டி ஒருவர் சொல்வார். அந்தச் சுவர்தான் மேலே இருக்கும் தளத்தைத் தாங்குகிறது என்பது அவருக்கும் தெரியாது, கேட்பவருக்கும் தெரியாது. தளத்தில் ஓதம் என்று பழைய தட்டோட்டின் மேலேயே புதுத் தட்டோடு பதிப்பார்கள். மாடியில் ஆயிரம் லிட்டர் தண்ணீர்த் தொட்டி வைப்பார்கள். நிரம்பினால் தண்ணீர் மட்டுமே ஒரு டன். குழாய் கொண்டுபோக பீமைக் குடைவார்கள். ஒவ்வொன்றும் தனியாகப் பார்த்தால் சின்ன வேலை. கட்டடமோ எல்லாவற்றையும் சேர்த்துச் சுமக்கிறது.

தென்கொரியத் தலைநகர் சியோலில் சம்பூங் அங்காடி 1995 ஜூன் 29 அன்று இடிந்து 502 பேர் இறந்தார்கள். அது குண்டு வெடிப்பும் இல்லை, நிலநடுக்கமும் இல்லை. வேறு பயன்பாட்டுக்கென்று திட்டமிட்ட கட்டடத்தை நடுவழியில் அங்காடியாக மாற்றினார்கள். நகரும் படிக்கட்டுகளுக்காகத் தூண்களை எடுத்தார்கள். திட்டத்தில் இல்லாத ஐந்தாவது தளத்தைச் சேர்த்தார்கள். இந்த மாற்றங்களைச் செய்ய முடியாது என்று முதல் ஒப்பந்த நிறுவனம் மறுத்தது. உரிமையாளர் அந்த நிறுவனத்தை விலக்கிவிட்டுத் தன் சொந்த நிறுவனத்தைக் கொண்டே வேலையை முடித்தார். நம் ஊர் வீடு அங்காடி அளவு பெரிதில்லைதான். ஆனால் "முடியாது" என்றவரை அனுப்பிவிட்டு "முடிச்சுடலாம்ணா" என்பவரிடம் வேலையைக் கொடுக்கும் பழக்கம் நமக்குப் புதிதா? வீட்டைத் திருத்த ஆள் தேடுபவர்கள் கவனிக்க வேண்டிய முதல் தகுதி இதுதான்: கேட்டதற்கெல்லாம் தலையாட்டாதவராக இருக்க வேண்டும். இந்தச் சுவரை எடுக்கக் கூடாது, இந்த அடித்தளம் இன்னொரு மாடியைத் தாங்காது என்று வருமானத்தை இழந்தாவது சொல்பவர் கிடைத்தால், அவரை விடக் கூடாது.

தமிழகம் இந்தப் பாடத்தைப் பல முறை படித்திருக்கிறது. 2014 ஜூன் 28 அன்று சென்னை மவுலிவாக்கத்தில் 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் உயிரிழந்தார்கள். அதற்கும் திட்ட அனுமதி இருந்தது. 2019 டிசம்பர் 2 அன்று மேட்டுப்பாளையம் நடூரில் ஒரு வீட்டின் சுற்றுச்சுவர் மழையில் சாய்ந்து, பக்கத்துக் குடியிருப்புகளில் தூங்கிக்கொண்டிருந்த 17 பேர் இறந்தார்கள். 2023 ஜனவரியில் சென்னை அண்ணா சாலையில் பழைய கட்டடத்தை இடிக்கும்போது சுவர் விழுந்து, நடைபாதையில் போன இளம்பெண் மாண்டார். நடூரிலும் அண்ணா சாலையிலும் இறந்தவர்கள் அந்தக் கட்டடங்களுக்கு எந்தச் சம்பந்தமும் இல்லாதவர்கள்.

யாரைத் தேர்ந்தெடுப்பது என்பதில் பெயர்ப்பலகை நம்மை ஏமாற்றும். 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி கட்டடக்கலைக் குழுமத்தில் பதிவு செய்தவர் மட்டுமே தன்னை ஆர்க்கிடெக்ட் என்று அழைத்துக்கொள்ளலாம். ஆனால் அந்தச் சட்டம் பட்டப்பெயரைத்தான் காக்கிறது, வடிவமைக்கும் தொழிலை மற்றவர்களுக்குத் தடை செய்யவில்லை என்று உச்ச நீதிமன்றம் 2020இல் தீர்ப்பளித்தது. இன்டீரியர் டிசைனர் என்று பலகை மாட்ட எந்தப் பதிவும் தேவையில்லை. கணினியில் வண்ணப் படம் வரைந்து கொடுப்பவர் திறமைசாலியாக இருக்கலாம். தூணின் சுமையைக் கணக்கிடுவது அவர் வேலை அல்ல. 2019ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் பதிவு பெற்ற பொறியாளர், பதிவு பெற்ற கட்டமைப்புப் பொறியாளர் என்று தனித்தனியே வகுத்திருப்பது இதற்காகத்தான். மாடி எடுப்பதற்கும் சுவரை அகற்றுவதற்கும் கட்டமைப்புப் பொறியாளர் வீட்டுக்கு வந்து பார்க்க வேண்டும். வாட்ஸ்அப்பில் அனுப்பிய படத்தைப் பார்த்துச் சொல்லும் யோசனை போதாது.

பதிவு எண்ணைக் கேளுங்கள். கேட்பது அவமரியாதை இல்லை. கடைக்காலுக்கு மண் தோண்டியதும் வருவீர்களா, கம்பி கட்டி முடித்ததும் கான்கிரீட் கொட்டும் முன்பு வருவீர்களா என்று கேளுங்கள். வரமாட்டார் என்றால் அவர் விற்பது கையெழுத்தை மட்டும். அவர் கட்டிய வீடுகளைப் பார்க்கப் போனால் போன மாதம் கிரகப்பிரவேசம் நடந்த வீட்டைக் காட்டுவார். ஐந்தாறு மழைக்காலம் பார்த்த வீட்டைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். மாடியின் அடிப்பகுதியில் துருக்கறை இருக்கிறதா, லிண்டல் மூலையில் விரிசல் ஓடுகிறதா என்று அங்கேதான் தெரியும்.

தருமபுரிக்கென்று சில கேள்விகள் உண்டு. நிலத்தடி நீரின் ஃபுளோரைடுக்காகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. குடிக்க அஞ்சும் அந்த ஆழ்துளைக் கிணற்று நீரைக் கலவைக்கு மட்டும் யோசிக்காமல் ஊற்றுகிறோம். கம்பியை அரிப்பது ஃபுளோரைடு அல்ல, குளோரைடு. கம்பி போட்ட கான்கிரீட்டுக்கான நீரில் அது லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்கிறது இந்தியத் தரக்குறிப்பு ஐ.எஸ். 456. நல்ல பொறியாளர் முதலில் தண்ணீரைச் சோதனைக்கு அனுப்பச் சொல்வார். இன்று கடைகளில் அதிகம் கிடைக்கும் பி.பி.சி. சிமென்ட் என்றால் குறைந்தது 10 நாள் ஈரம் காக்க வேண்டும் என்றும் அதே தரக்குறிப்பு கூறுகிறது. சித்திரை வெயிலில் மூன்று நாள் தண்ணீர் விட்டுவிட்டு நிறுத்தும் தளம் எப்படி இறுகும்? நிலநடுக்கம் நமக்கில்லை என்ற நினைப்பும் வேண்டாம். 2002இல் திருத்திய நிலநடுக்கத் தரக்குறிப்பு ஐ.எஸ். 1893 தருமபுரியை மூன்றாம் மண்டலத்தில், மிதமான ஆபத்துள்ள ஊராக வைத்தது.

ஒப்பந்தத்துக்கு வருவோம். சதுர அடிக்கு இவ்வளவு, மெட்டீரியலோடு என்று வாயால் பேசி அட்வான்ஸ் கொடுக்கும் வழக்கம்தான் பாதிச் சண்டைக்குக் காரணம். படிக்கட்டு, ஹெட்ரூம், சன்ஷேட், சம்பு, செப்டிக் டேங்க் கணக்கில் சேருமா என்பதை வேலை தொடங்கும் முன் எழுத வேண்டும். கம்பியின் தரம், கான்கிரீட் கலவை, மேற்பார்வையிடும் பொறியாளரின் பெயர் எல்லாம் அதில் இருக்க வேண்டும். பணத்தை நாள் கணக்கில் கொடுக்காமல், முடித்த வேலைக்கேற்பக் கொடுக்க வேண்டும். கட்டுமான நிறுவனங்களிடம் வாங்கும் குடியிருப்புக்கு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் (ரேரா) ஐந்தாண்டு கட்டமைப்புக் குறைபாட்டுப் பொறுப்பைத் தருகிறது. சொந்த மனையில் கட்டுபவருக்கு அந்தப் பாதுகாப்பு தானாக வராது. ஒப்பந்தத்தில் எழுதி வாங்கினால்தான் உண்டு. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வீடு கட்டித் தருவதையும் சேவையாக ஏற்கிறது. புகாருக்குக் காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுக வேண்டும். ஆனால் கையில் ஒரு தாளும் இல்லாமல் போனால் ஆணையம் எதை வைத்துத் தீர்ப்புச் சொல்லும்?

இவ்வளவையும் ஒரு குடும்பத்தின் தலையில் மட்டும் சுமத்துவது நியாயமில்லை. கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் 3.5 லட்சம் ரூபாயில் 360 சதுர அடி வீடு கட்டும் குடும்பத்தால் கட்டமைப்புப் பொறியாளருக்குத் தனியாகக் கட்டணம் கொடுக்க முடியாது. 2000-01க்கு முன் அரசுத் திட்டங்களில் கட்டிய ஊரக வீடுகளைச் சீரமைப்பதற்கும் 2024இல் திட்டம் அறிவிக்கப்பட்டது. இந்த வீடுகளுக்கு ஊராட்சி ஒன்றியப் பொறியாளர்கள் மண் தோண்டும் நாளிலும் கம்பி கட்டும் நாளிலும் நேரில் வருவதை மாவட்ட ஆட்சியர் உறுதிசெய்ய வேண்டும். பில் போடுவதற்காக மட்டும் வந்து போவது மேற்பார்வை ஆகாது.

மாவட்டத்தில் பணிபுரியும் பதிவு பெற்ற பொறியாளர்கள், கட்டமைப்புப் பொறியாளர்களின் பட்டியலைத் தமிழில் அச்சிட்டு நகராட்சி, பேரூராட்சி, ஊராட்சி அலுவலகச் சுவர்களில் ஒட்ட வேண்டும். ஒருவரே ஓராண்டில் எத்தனை வரைபடங்களில் கையெழுத்திட்டார் என்ற எண்ணும் அதில் இருக்கட்டும். நூற்றுக்கணக்கில் போட்டவர் எத்தனை மனைகளுக்குப் போயிருக்க முடியும் என்பதை மக்களே கணக்கிடுவார்கள். செட்டிக்கரை அரசுப் பொறியியல் கல்லூரி வழியாகத் தண்ணீரையும் கான்கிரீட் கட்டியையும் குறைந்த கட்டணத்தில் சோதித்துத் தர ஏற்பாடு வேண்டும். மேஸ்திரிகளுக்கு உள்ளூரிலேயே பயிற்சி கொடுத்துச் சான்று வழங்க வேண்டும்; பலர் ஆவலோடு வருவார்கள். ஆவணியில் வாசக்கால் வைக்க நாள் பார்க்கும் வீடுகள் ஊருக்கு ஊர் இருக்கின்றன. அதற்கு முன்பே அந்தப் பட்டியல் சுவரில் ஏறியிருக்க வேண்டும்.