"முன்னாடி தானே, பழசே போதும்"னு சொல்றவங்களுக்கு

காஞ்சிபுரத்துல சைடு வீல் ஸ்கூட்டர் ஓட்டுற எல்லாரும் இந்த வசனத்தை ஒரு தடவையாவது கேட்டிருப்பாங்க. மெக்கானிக் சொல்வார், மச்சான் சொல்வார், டீக்கடையில சும்மா நிக்கிறவரும் சொல்வார். "இழுக்கிறது பின் சக்கரம். புதுசு வாங்கினா அதைப் பின்னாடி போடு. கழட்டினதை முன்னாடி மாட்டிக்கோ."

இந்த வசனத்தோட சண்டை போடத்தான் இந்த த்ரெட். நீளமா போகும், பொறுமையா படிங்க.

டாக்டருக்கு டயர்ல என்ன வேலைன்னு கேக்காதீங்க. மொட்டை டயர் பண்ற வேலையை ராத்திரி பத்து மணிக்கு எக்ஸ்ரேல பாக்கிறவன் நான்.

ஒருத்தரைப் பத்தி சொல்றேன். அடையாளம் தெரியாம இருக்க சில விவரங்களை மாத்தியிருக்கேன். பிள்ளையார்பாளையம் பக்கம். சின்ன வயசுல போலியோ, இடது கால் சூம்பிப் போனது. தொழில், பாவு பிணைக்கிறது. தறியில பழைய பாவு முடியற இடத்துல புதுப் பாவை இழை இழையா விரலாலேயே முறுக்கிச் சேக்கணும். ஆயிரக்கணக்கான இழை. ஒவ்வொரு தறி வீடா போய்ச் செய்யற வேலை, அதனால வண்டி இல்லைன்னா வேலையும் இல்ல.

ஐப்பசி மழை. ஓரிக்கையில வேலையை முடிச்சுட்டு வர்றார். ஒரு திருப்பத்துல குறுக்கே மாடு. பிரேக் பிடிச்சார். ஹேண்டில் திரும்புச்சு, வண்டி திரும்பல. நேரா போய் பிளாட்பாரத்துல முட்டி ஆளைத் தூக்கிப் போட்டுச்சு. வலது மணிக்கட்டு ஒடிஞ்சது.

உங்களுக்கோ எனக்கோ மணிக்கட்டு ஒடிஞ்சா ஆறு வாரம் மாவுக்கட்டு, கொஞ்சம் எரிச்சல், அவ்வளவுதான். அவருக்கு அந்தக் கையிலதான் ஊன்றுகோல். கை ஒடிஞ்ச அன்னைக்கே நடையும் போச்சு. இழை முறுக்கற விரலும் அதே கையில. ஒரே எலும்புல மூணு நஷ்டம்.

ஊன்றுகோல் வச்சு நடக்கிறவங்களுக்கு தோள், முழங்கை, மணிக்கட்டு எல்லாம் காலோட வேலையைச் செய்யுது. போலியோ கால்ல அடிபட்டா அது தனிக் கொடுமை. பல வருஷமா பாரம் தாங்காத எலும்பு மெலிஞ்சு, உள்துளையும் குறுகிப் போயிருக்கும். கம்பி போடறது கஷ்டம், போட்டாலும் பிடிப்பு குறைவு. இந்தியாவுல கடைசி போலியோ கேஸ் 2011 ஜனவரியில, 2014 மார்ச்ல உலக சுகாதார நிறுவனத்தோட சான்றும் வந்தாச்சு. நோய் போச்சு. அந்த நோய் விட்டுப்போன மனுஷங்க இன்னும் நம்ம தெருவுல வண்டி ஓட்டிட்டுதான் இருக்காங்க.

இப்போ டயருக்கு வர்றேன்.

சாதா ஸ்கூட்டர் வளைவுல சாயும். அந்தச் சாய்வே வண்டியைத் திருப்ப பாதி உதவி. சைடு வீல் மாட்டினா வண்டி சாயாது. திருப்பற பாரம் முழுக்க முன் டயர் ரோட்டைத் தொடற அந்த உள்ளங்கையளவு ரப்பர் மேலதான். பிரேக் பிடிக்கும்போது எடையும் முன்னாடிதான் வந்து விழும். அந்த இடத்துல நாம மாட்டுறது, பின்னாடி ஓடித் தேஞ்சுபோன பழசு!

"சைடு வீல் இருக்கே, கவிழாதே"ம்பாங்க. கவிழாம நேரா போய் லாரியில முட்டினா பரவாயில்லையா? திடீர்னு ஒடிச்சா கவிழவும் செய்யும், அதையும் பாத்திருக்கேன்.

"பட்டன் இருக்கு டாக்டர், பாருங்க"ன்னு ஓரத்தைக் காட்டுவாங்க. ஏமாறாதீங்க. சாயாத வண்டியில ஓரம் ரோட்டையே தொடாது, வருஷக்கணக்கா புதுசு மாதிரியே இருக்கும். நடுப்பட்டைதான் தேஞ்சு தட்டையாகும், அங்க விரல் வச்சுப் பாருங்க. இரண்டு, மூன்று சக்கர வண்டிக்கு சட்டம் கேக்கிற பட்டன் ஆழம் 0.8 மி.மீ. அது அபராதம் தப்பிக்க மட்டும். மழைத்தண்ணியில தப்பிக்கணும்னா அதுக்கு ரொம்ப முன்னாடியே மாத்தியாகணும்.

கடைக்குப் போனா என்ன கேக்கணும்? வண்டியோட வந்த அதே அளவு. 90/100-10 இருந்தா அதேதான். அகல டயர் கெத்தா இருக்கும்னு சில பேர் ஆசை காட்டுவாங்க, வேணாம். மட்கார்டுல உரசும், ஹேண்டில் கனக்கும், ஏற்கெனவே ஊன்றுகோல்ல தேஞ்ச தோளுக்கு அது தண்டனை. அளவுக்குப் பக்கத்துல 53J மாதிரி ஒண்ணு இருக்கும். 53னா 206 கிலோ தாங்கும்னு அர்த்தம். அந்த எண் பழைய டயர்ல இருந்ததைவிடக் குறையக் கூடாது, சைடு வீல், ஊன்றுகோல், பாவு மூட்டைன்னு சுமை ஏறின வண்டி இது. நடுவுல தண்ணி ஓட நீளமான பள்ளம் இருக்கணும். காட்டு ரோட்டுக்கான முரட்டுப் பட்டன் வேணாம். பக்கவாட்டு அம்புக்குறி முன் சக்கரத்துக்குச் சரியா மாட்டியிருக்கான்னு பாருங்க. ரீட்ரேட் டயரை முன்னாடி கிட்டவே சேக்காதீங்க.

பக்கத்துல நாலு இலக்க எண் ஒண்ணு இருக்கும். 2319னா 2019-ல 23-வது வாரம் செஞ்சது. அஞ்சு வருஷம் தாண்டியிருந்தா பட்டன் எப்படி இருந்தாலும் கழட்டிடுங்க, ரப்பர் கட்டிப்பட்டு வழுக்கும். காத்து எவ்வளவுன்னு வண்டி ஸ்டிக்கர்ல இருக்கு. பங்க்ல "ரெண்டுக்கும் ஒரே அளவு அடிச்சுடுப்பா"ன்னு சொல்லாதீங்க.

"காசுக்கு எங்க போறது?" நியாயமான கேள்வி. முன் டயர் ஆயிரத்துச் சொச்சம். பாவு பிணைக்கிறவருக்கு அது சின்னக் காசு இல்ல. தமிழ்நாடு அரசு வண்டியை இலவசமா தருது, நல்ல திட்டம். கொடுக்கிற அன்னைக்கு போட்டோ எடுக்கிறோம். மூணு வருஷம் கழிச்சு டயரை யார் பாக்கிறா? அவர் பிணைச்ச பாவுல புடவை நெய்து விக்கிறவங்க, வருஷத்துக்கு ஒரு தடவை அவர் வண்டியைக் குனிஞ்சு பாத்தா குறைஞ்சா போயிடுவாங்க? ஊனச் சான்று முகாம்ல உக்கார்ற நாங்களும்தான். காலை அளக்கிறோம், வாசல்ல நிக்கிற வண்டியைப் பாக்கிறதே இல்ல. நானும் பாத்ததில்ல, இவர் வர்ற வரைக்கும்.

மாவுக்கட்டு பிரிக்க வந்த அன்னைக்கு கீழ இறங்கிப் போய்ப் பாத்தேன். பம்பரும் ஹெட்லைட்டும் புதுசு. முன் டயர் அதே மொட்டை. கேட்டா, "முன்னாடி தானே சார்"ன்னு சிரிக்கிறார்.

உங்க தெருவுல சைடு வீல் வண்டி இருந்தா இன்னைக்கே அவர்கிட்ட கேட்டுட்டு, முன் டயர் நடுப்பட்டையைத் தொட்டுப் பாருங்க. அந்த நாலு இலக்க எண்ணை கீழ கமெண்ட்ல போடுங்க, கழட்டணுமா வேணாமான்னு சொல்றேன்.