குப்பியில் வரும் உரமும் சங்கத்தின் கடமையும்

நமது சங்கங்களின் உரக்கிடங்குகளில் மூட்டைகளுக்கு அருகே இப்பொழுது சிறு குப்பிகளும் இடம்பெற்று வருகின்றன. இவையே நானோ உரங்கள். நம்மைப் போன்ற கூட்டுறவுச் சங்கங்களைப் பங்குதாரர்களாகக் கொண்டு 1967-ஆம் ஆண்டில் தோன்றிய இப்கோ நிறுவனம், 2021-இல் நானோ யூரியாவையும் 2023-இல் நானோ டி.ஏ.பி.யையும் வெளியிட்டது. 2024-இல் அதன் நானோ துத்தநாகத்திற்கும் நானோ தாமிரத்திற்கும் மத்திய அரசு அனுமதி வழங்கிற்று. இவை கூட்டுறவின் சொந்தச் சரக்கு. ஆதலால் இவற்றின் தகுதியை ஆராயும் பொறுப்பு அங்கத்தினராகிய நமக்கு மிகுதியும் உண்டு.

ஒரு மில்லிமீட்டரை 10 லட்சம் கூறாக்கினால் அதில் ஒரு கூறே ஒரு நானோமீட்டர். 100 நானோமீட்டருக்கு மேற்படாத துகள்களாகச் சத்தினை ஆக்கி, நீரில் கலந்து இலைமீது தெளிப்பது இம்முறை. துகள் சிறுக்கச் சிறுக்க அதன் மேற்பரப்பு பெருகும். இலைத் துளைகளின் வழியே உட்புகுதலும் எளிதாகும் என்பது விஞ்ஞானிகளின் கருத்து.

நுண்ணூட்டச் சத்துக்களுக்கு இக்கருத்து பொருந்தக் கூடியதே. நீர் தேங்கி நிற்கும் நெல்வயலில் துத்தநாகம் மண்ணோடு பிணைந்து வேருக்கு எட்டாமற் போகிறது. பந்த்நகரில் ‘கைரா’ எனப்பட்ட நெல்நோய்க்குக் கிருமி காரணமன்று, துத்தநாகக் குறைவே காரணம் என்று 1960-களில் ஒய். எல். நேனே கண்டறிந்தார். ஏக்கருக்கு 10 கிலோ துத்தநாக சல்பேட் இடுகிறோம். அதில் துத்தநாகம் சுமார் 2 கிலோ. பயிர் ஏற்பதோ சில நூறு கிராமுக்கு மேல் இராது. தேவை கிராம் அளவில் இருக்கையில், குப்பி மருந்து உதவுமா என்று பார்ப்பது நியாயமே.

தழைச்சத்தின் கணக்கு வேறு. 45 கிலோ யூரியா மூட்டையில் ஏறத்தாழ 20 கிலோ தழைச்சத்து உண்டு. முதலில் வந்த அரை லிட்டர் நானோ யூரியாவில் இருந்தது 20 கிராம். அதாவது ஆயிரத்தில் ஒரு பங்கு. பின்னர் செறிவைக் கூட்டியும் அது கிலோக் கணக்கை எட்டவில்லை. பாவுக்கு நூல் போதாதபோது சாயத்தைக் கூட்டி ஈடுசெய்ய முடியாது என்பதை நம் நெசவாளர் நன்கறிவர். 11,000 வயல்களில் நடந்த சோதனைகளில் மகசூல் சராசரி 8 சதவிகிதம் கூடியதாக நிறுவனம் கூறுகிறது. லூதியானாவிலுள்ள பஞ்சாப் வேளாண்மைப் பல்கலைக்கழகமோ, யூரியாவில் ஒரு பகுதிக்கு ஈடாக நானோ யூரியாவைத் தெளித்து ஈராண்டு சோதித்ததில், நெல் 13 சதவிகிதமும் கோதுமை 21.6 சதவிகிதமும் குறையக் கண்டது.

இந்நிலையில் யூரியா கேட்டு வரும் விவசாயியிடம் குப்பியையும் கட்டாயமாகச் சேர்த்து விற்பது முறையன்று. இவ்வழக்கத்தைத் தடுக்குமாறு 2025 ஜூலையில் மத்திய வேளாண்மை அமைச்சர் சிவராஜ் சிங் சௌகான் எல்லா முதலமைச்சர்களுக்கும் எழுதினார். தனி வியாபாரி செய்யினும் தவறாகும் காரியத்தைச் சங்கம் செய்தல் ஒருபோதும் தகாது.

செய்யத்தக்கது ஒன்று உண்டு. நாஞ்சில் நாட்டு ஏலாக்களில் முதலில் மண்ணைப் பரிசோதித்துத் துத்தநாகக் குறைவு உள்ள வயல்களைத் தெரிந்துகொள்ள வேண்டும். அத்தகைய ஒரு வயலைக் கும்பப்பூவில் மூன்று பாத்திகளாகப் பிரித்து, ஒன்றில் துத்தநாகமே இடாமலும், இரண்டாவதில் துத்தநாக சல்பேட்டின் அரை சதவிகிதக் கரைசலையும், மூன்றாவதில் நானோ துத்தநாகத்தையும் தெளித்துப் பார்க்கலாம். மற்ற உரங்கள் மூன்றுக்கும் ஒரே அளவாக இருத்தல் அவசியம். திருப்பதிசாரம் நெல் ஆராய்ச்சி நிலையத்தாரின் யோசனையையும் நாடலாம். அறுவடையில் மூன்றின் நெல்லையும் களத்திலேயே அங்கத்தினர் முன்னிலையில் நிறுத்து, செலவையும் கண்டுமுதலையும் சங்கத்தின் அறிவிப்புப் பலகையில் எழுதி வைக்க வேண்டும்.

இதற்கு ஆகும் செலவு சொற்பம். அடுத்த பொதுக்குழுவில் அங்கத்தினர்கள் இதனைத் தீர்மானமாகக் கொண்டுவருவார்களாக. நம் வயல் நெல்லின் நிறையைக் கண்டபின், குப்பியை வாங்குவதா வேண்டாமா என்பதை அவரவரே முடிவு செய்துகொள்ளலாம்.