முகத்துக்கு அடிக்கிறவனுக்கும் மூளை இருக்கு

ஹார்த்ஸ்டோன் விளையாடுற ஆக்களிட்ட ஒரு பழக்கம் இருக்கு. ஆறாவது டேர்னிலேயே தோத்துப் போனால் “நல்லா விளையாடினான்” எண்டு சொல்ல வாய் வராது. “சும்மா முகத்துக்கு அடிச்சிட்டுப் போறான், இதில என்ன திறமை?” எண்டுதான் வரும். ட்விச்சில் இந்தப் பழிப்புக்கென்றே ஒரு ஓர்க் முக எமோட் புழங்குகிறது. யாராவது வேக டெக் ஒன்றை எடுத்தால் சட் முழுக்க அந்த முகம்தான். அதே ஆள் இருபது நிமிசம் இழுத்து, பத்து மானாக் கார்ட் ஒன்றைப் போட்டு வென்றால் அது மட்டும் “மூளை விளையாட்டு”.

எனக்கு இதில் உடன்பாடு இல்லை. வேக டெக்கில் யோசனை குறைவு என்பது பொய். அந்த யோசனையில் பாதி, ஆட்டம் தொடங்க முன்னமே டெக் கட்டுற இடத்தில் முடிந்துவிடுகிறது, அதனால் பார்க்கிறவருக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான். அதோட, இந்தப் பழிப்புக்குள்ளே திறமையைப் பற்றின அக்கறையைவிடக் காசு இருக்கிற பெருமைதான் கூட.

விளையாடாதவர்களுக்காகச் சுருக்கமாக: பிளிஸார்ட் நிறுவனம் 2014 மார்ச்சில் வெளியிட்ட டிஜிட்டல் கார்ட் விளையாட்டு இது. டெக்கில் 30 கார்ட். எதிராளியின் ஹீரோவுக்கு 30 உயிர். டேர்னுக்கு ஒரு மானா கூடிக்கொண்டே போய் பத்தில் நிற்கும். ஒரே கார்ட்டில் இரண்டு பிரதிதான் வைக்கலாம், லெஜண்டரி என்றால் ஒன்றே ஒன்று. கையில் இல்லாத கார்ட்டை ‘டஸ்ட்’ கொடுத்துச் செய்துகொள்ளலாம். காமன் 40, ரெயார் 100, எபிக் 400, லெஜண்டரி 1600.

இந்த விலைப்பட்டியலிலேயே பாதிக் கதை இருக்கு. 2015 இல் ‘கன்ட்ரோல் வாரியர்’ எண்டு ஒரு டெக் இருந்தது. ரக்னரோஸ், சில்வானஸ், அலெக்ஸ்ட்ராசா, குரொம்மாஷ், டொக்டர் பூம். இந்த ஐந்து லெஜண்டரிக்கே 8000 டஸ்ட். மிச்ச எபிக்குகளை இன்னும் எண்ணவில்லை. விளையாடுறவர்களே அதுக்கு ‘வொலட் வாரியர்’ எண்டு பட்டம் வைத்தார்கள். அதே காலத்தில் ‘ஃபேஸ் ஹன்டர்’ எண்டு ஒன்று இருந்தது. அதில் லெஜண்டரி லீரோய் ஜென்கின்ஸ் ஒன்றுதான், அதுவும் இல்லாமலே சமாளிக்கலாம். கில் கமாண்ட், வொல்ஃப்ரைடர் எல்லாம் அப்போது லெவல் கூடக் கூடச் சும்மா கிடைத்த கார்ட்கள். மற்றவை பெரும்பாலும் காமனும் ரெயாரும். ஒரு சிலவற்றுக்கு அட்வென்ச்சர் திறக்கவேண்டியிருந்தது, ஒரு பகுதிக்கு அப்போது 700 தங்கம், சேர்க்கக்கூடியதாக இருந்தது. 30 கார்ட்டும் காமன் எண்டு வைத்தால் மொத்தமே 1200 டஸ்ட். ஒரு லெஜண்டரியின் விலையைவிடக் குறைவு.

எங்கட 304 ஐ யோசிச்சுப் பாருங்கோ. நாலு பேர் இருந்தால் 32 கார்ட், எல்லாருக்கும் ஒரே கட்டில இருந்துதான் போடுறது. நல்ல கை வாறதும் வராததும் அதிர்ஷ்டம், துரும்பு வைக்கிறது மூளை. “உன்னட்ட காசு இல்லை, உனக்கு வீரன் கிடையாது” எண்டு ஆரும் சொல்லேலாது. டிஜிட்டல் கார்ட் விளையாட்டில் ஒவ்வொருவரும் தன்ர கட்டைத் தானே கொண்டுவருகிறார். வங்கிக் கார்ட் இல்லாத பதினேழு வயசுப் பெடியனோ பெட்டையோ, போன் டேட்டாவில் அரை மணித்தியாலம் விளையாடுறதுக்கு எந்த டெக்கைத் தெரிவார்? விலை குறைந்ததும் ஒரு ஆட்டம் ஐந்து நிமிசத்தில் முடிவதுமான டெக்கைத்தான். அந்த ஆளைப் பார்த்து “மூளை இல்லை” என்பது கொஞ்சம் அசிங்கமான கதை.

சரி, அந்த டெக்கை எப்படிக் கட்டுகிறது? “மலிவான மினியன்களை எல்லாம் அள்ளிப் போடு” எண்டு நினைத்தால் கட்டுகிற டெக் பத்தாவது இடத்துக்கும் வராது. ஃபேஸ் ஹன்டரையே எடுப்போம்.

ஹன்டரின் ஹீரோ பவர் 2 மானாவுக்கு எதிராளியின் ஹீரோவுக்கு 2 அடி. கார்ட் எதுவும் செலவில்லை. அப்படியென்றால் மானாவுக்கு ஒரு அடி சும்மாவே கிடைக்கிறது. இதுதான் அளவுகோல். டெக்குக்குள் வருகிற ஒவ்வொரு கார்ட்டும் இதைவிடக் கூடத் தரவேண்டும், தராவிட்டால் அதற்கு இடமில்லை. கில் கமாண்ட் 3 மானா, பக்கத்தில் ஒரு மிருகம் நின்றால் 5 அடி. குவிக் ஷொட் 2 மானாவுக்கு 3. ஈகிள்ஹோர்ன் போ 3 மானாவுக்கு இரண்டு தரம் அடிக்கும், மொத்தம் 6. லெப்பர் னோம் ஒரு மானா, செத்தாலே 2 அடி, அதற்கு முன் ஒரு தரம் அடித்தால் 4. இப்ப லீரோயைப் பாருங்கோ: 5 மானாவுக்கு 6 அடி. மானாவுக்கு 1.2. அளவுகோலுக்கு மேலே வெறும் நூல் அளவு. 1600 டஸ்ட் விலையான கார்ட், 40 டஸ்ட் லெப்பர் னோமை இந்தக் கணக்கில் தொட்டும் பார்க்காது. லீரோயின் பெறுமதி வேறு இடத்தில்: கையில் இருந்து ஒரே கார்ட்டில், எதிராளி பார்க்காத 6 அடி. அது முடிக்கிற கார்ட், அதனால் கடைசியாகச் செய்யவேண்டிய கார்ட். புதிசாகத் தொடங்குகிற பலர் இதைத்தான் முதல் செய்கிறார்கள்.

அடுத்தது வேகம். முதல் ஆறு டேர்னில் கிடைக்கிற மானா மொத்தம் 21. முதலில் ஆடுபவர் அதற்குள் பார்க்கிற கார்ட் 9. ஹீரோ பவரை இரண்டு தரம் அழுத்தினால் 4 மானாவுக்கு 4 அடி. மிச்சம் 17 மானாவில், அந்த 9 கார்ட்டில் இருந்து 26 அடி வரவேண்டும். கார்ட்டுக்குக் கிட்டத்தட்ட 3. முதல் டேர்னில் இறங்குகிற 2 அடி மினியன் ஒன்று, எதிராளி தொடாவிட்டால், நாலாவது டேர்னுக்குள் 6 அடி அடித்துவிடும். அதே மினியன் ஆறாவது டேர்னில் வந்தால் பூச்சியம். ஆகவே கேள்வி “நல்ல கார்ட் எது” என்பதைவிட, “அது முதல் டேர்னில் கையில் இருக்குமா” என்பதே.

அதையும் கணக்குப் பார்க்கலாம். முதலில் ஆடுபவருக்கு 3 கார்ட் வரும். அதில் ஒரு மானா மினியன் இல்லாவிட்டால் மூன்றையும் திருப்பிக் கொடுத்து வேறு மூன்று எடுக்கிறார். பிறகு முதல் டேர்னுக்கு ஒன்று. டெக்கில் ஒரு மானா மினியன் 4 மட்டும் இருந்தால், மூன்றில் ஒரு ஆட்டத்தில் முதல் டேர்ன் வெறுங்கையாய்ப் போகும். 6 வைத்தால் வெறுங்கை வருவது 18 சதவீதம். 8 வைத்தால் 9 சதவீதம். நாலுக்கும் எட்டுக்கும் இடையில் இவ்வளவு பெரிய வித்தியாசம் இருக்கும் எண்டு கண்ணால் பார்த்துச் சொல்ல ஏலாது. இதற்கு ஒரு விலையும் இருக்கு: எட்டாவது டேர்னில் டெக்கின் மேலே இருந்து வருகிறதும் அதே குட்டி மினியன்தான். ஆட்டம் நீண்டால் நீங்கள் தோற்கிறீர்கள் என்பதைக் கட்டுகிறபோதே ஒத்துக்கொள்கிறீர்கள். “ஒருவேளை நீண்டால் உதவும்” எண்டு ஒரு ஏழு மானாக் கார்ட்டைச் செருகுகிறவர்தான் உண்மையில் யோசிக்காதவர்.

ஆட்டத்துக்குள் வந்தால், எல்லாரும் சிரிக்கிற அந்த “முகத்துக்கு அடி” என்ன செய்கிறது? எதிரில் ஒரு மினியன் நிற்கிறது. அதை நீங்கள் அடித்தால் உங்கட மினியனும் போகும், ஆட்டமும் ஒரு டேர்ன் நீளும். நீங்கள் அதை விட்டுவிட்டு ஹீரோவை அடித்தால், உங்கட மினியனைக் கொல்லுற வேலை எதிராளிக்கு. அவர் தன்ர அடியை உங்கட மினியனில் செலவழிக்கிறார், உங்கட ஹீரோவுக்கு அந்த அடி வராது. வேலையை அவர் தலையில் கட்டுறது. ஆனால் இது எப்பவும் சரி எண்டும் இல்லை. ஏழாவது டேர்னில் மேஜ் ஃபிளேம்ஸ்ட்ரைக் போட்டால் உங்கட பக்கம் நிற்கிற எல்லாத்துக்கும் அந்தக் காலத்தில் 4 அடி, மேடை துடைத்தமாதிரி. அது வரும் எண்டு தெரிந்தால், இரண்டு மினியனே போதுமான இடத்தில் மூன்றாவதைக் கையில் பிடித்து வைக்கத் தெரியவேண்டும். 2015 நவம்பரில் ரெனோ ஜாக்சன் வந்தபிறகு இன்னும் மோசம்: டெக்கில் இரட்டைக் கார்ட் இல்லாத எதிராளி 6 மானாவுக்கு உயிரை முழுதாக 30க்குக் கொண்டுபோய்விடுவார். நீங்கள் ஐந்து டேர்னாய் அடித்த 24 அடியும் போச்சு. ஆகவே ஐந்தாவது டேர்னிலேயே “முடிக்க ஏலுமா, ஏலாதா” எண்டு எண்ணிப் பார்த்து, ஏலாவிட்டால் கையில் உள்ள கில் கமாண்டை அவசரப்படாமல் ரெனோவுக்குப் பிறகு என வைத்திருக்கவேண்டும். பொறுமை கன்ட்ரோல் டெக்காரருக்கு மட்டும் எழுதிவைத்த சொத்தில்லை.

இரண்டு வேக டெக் மோதுகிற ஆட்டம் இதில் ஆகக் கடினமானது. மேஜிக் விளையாட்டில் மைக் ஃப்ளோரஸ் 1999 இல் எழுதின ஒரு கட்டுரை இன்றுவரை கார்ட் விளையாட்டுக்காரர்கள் மத்தியில் பேசப்படுகிறது. அதன் சாரம்: ஒரே மாதிரி டெக் இரண்டு மோதினாலும், ஒருவர் அடிக்கிறவர், மற்றவர் தடுக்கிறவர். எது நீங்கள் எண்டு பிழையாக விளங்கினால் அங்கேயே தோல்வி. ஃபேஸ் ஹன்டருக்கு எதிராக ஃபேஸ் ஹன்டர் வந்து, அவர் முதல் ஆடி, நல்ல கையும் அவரிட்ட இருந்தால், நீங்கள் முகத்தை மறக்கவேண்டும். மினியனை மினியனால் அடித்து, மேடையைத் துப்பரவாக்கி, அவரின் கார்ட் தீரும் வரை இருக்கவேண்டும். மூன்றாவது டேர்னில் அந்த முடிவை எடுக்கவேண்டும். ஐந்தாவதில் விளங்கிப் பிரயோசனம் இல்லை.

எதிர்ப்பக்கத்தின் நியாயத்தையும் சொல்லத்தான் வேணும். சில வேகக் கார்ட்கள் உண்மையிலேயே பிழையாகச் செய்யப்பட்டவை. 2014 இன் அண்டர்டேக்கர் ஒரு மானாவுக்கு வந்து, டெத்ராட்டில் மினியன் ஒன்று இறங்க இறங்க அடியும் உயிரும் வளர்ந்துகொண்டே போகும். முதல் டேர்னில் அது வந்ததா இல்லையா என்பதே ஆட்டம். 2015 ஜனவரியில் உயிர் வளர்வதை நிறுத்தினார்கள், சரியான வேலை. 2016 டிசம்பரில் வந்த பச்சஸ் இன்னும் விசித்திரம். ஏதாவது கடற்கொள்ளைக்கார மினியன் இறங்கினால் டெக்கில் இருந்து தானே குதித்து உடனே அடிக்கும். கையில் வந்தால் குப்பை, டெக்கில் இருந்தால் தங்கம். அதுவும் லெஜண்டரி, 1600. வேக டெக்குக்கும் வாசல் கட்டணம் வைத்த கார்ட் அது. 2018 பெப்ரவரியில் அதன் உடனடி அடியை எடுத்தபோது எனக்குக் கவலை வரவில்லை.

2016 ஏப்ரல் வேறு கதை. அந்த மாதம் 12 கார்ட்கள் மாற்றப்பட்டன. விலை கூடின டெக்குகளின் எபிக்குகளும் அதில் அடிபட்டன, இல்லை எண்டு சொல்லவில்லை. ஆனால் லெப்பர் னோம், நைஃப் ஜக்ளர், ஆர்கேன் கோலம் மூன்றும் ஒரே நாளில் போயின. லெப்பர் னோமின் அடி இரண்டில் இருந்து ஒன்றாகியது, ஜக்ளரின் அடி மூன்றில் இருந்து இரண்டாகியது, கோலமின் உடனடி அடி காணாமல் போனது. ஃபேஸ் ஹன்டரின் முதுகெலும்பே அதுகள்தான். கம்பனி மாற்றின கார்ட்டுக்கு முழு டஸ்ட்டையும் திருப்பித் தரும். லெப்பர் னோம் காமன், மற்ற இரண்டும் ரெயார், ஒவ்வொன்றிலும் இரண்டு வைத்திருந்தவருக்கு 480. மாற்றாத மிச்ச 24 கார்ட்டுக்கு ஒன்றும் இல்லை, அவற்றை வைத்து வெல்லவும் ஏலாது. மோல்டன் ஜயன்ட் எபிக் எண்டபடியால் அதில் இரண்டு வைத்திருந்தவருக்கு அது மட்டுமே 800. அவரிட்ட எப்படியும் வேற டெக் நாலைந்து இருந்திருக்கும்.

480 டஸ்ட்டில் லெஜண்டரியின் மூன்றில் ஒரு பங்குகூட வராது. காமன் என்றால் 12 செய்யலாம். அதில் எட்டு, ஒரு மானா மினியன்கள்.