உறங்காத காவலன்

நாம் உறங்கும்போதும் உறங்காது நம்மைக் காப்பது எது? இதயம் என்பர் பலர். அதனைப் போன்றே இரவும் பகலும் ஓயாது உழைப்பது மற்றொன்றும் உண்டு. மூளைத்தண்டின் கீழ்ப்பகுதியாகிய முகுளமே அது.

நிமிடத்திற்கு 15 முறை மூச்சு விடுவதாகக் கொண்டால், ஒரு நாளைக்கு 21,600 முறையாகும். இத்தனை மூச்சையும் நாமே எண்ணி எண்ணி விடவேண்டுமாயின், கற்பது எங்ஙனம்? கண்ணுறங்குவது எங்ஙனம்? முகுளத்திலுள்ள நரம்பணுக்கள் தாளந் தவறாது ஆணையிடுகின்றன. அவ்வாணை தண்டுவடத்தின் வழியே சென்று உதரவிதானத்தை இயக்குகின்றது. எலிக்குட்டிகளின் முகுளத்தை ஆராய்ந்த அறிஞர்கள், 1991 ஆம் ஆண்டில் இத்தாளம் பிறக்கும் இடத்தைக் கண்டறிந்தனர்.

மூச்சை அடக்கினால் சிறிது நேரத்தில் முட்டுகின்றதே, ஏன்? உயிர்வளி குறைவதால் என்று எண்ணுதல் இயல்பு. உண்மை அதுவன்று. குருதியில் கரியமிலவாயு மிகுவதே முதற் காரணம். ஹால்டேன், பிரீஸ்ட்லி என்னும் அறிஞர் இருவர், மூச்சின் அளவை ஆள்வது கரியமிலவாயுவே என 1905 ஆம் ஆண்டில் விளக்கினர். அவ்வாயு மிகுந்தவுடன், 'மூச்சு விடு, மூச்சு விடு' என முகுளம் நம்மை நெருக்குகின்றது.

இக்காவலனை ஏமாற்ற முயல்வோரும் உளர். கிணற்றிலும் குளத்திலும் நெடுநேரம் மூழ்கியிருக்கப் பந்தயம் கட்டும் இளைஞர் சிலர், மூழ்குமுன் பலமுறை விரைந்து ஆழமாக மூச்சு விடுகின்றனர். உயிர்வளியை மிகுதியாகச் சேர்த்துக்கொண்டதாக அவர்கள் நினைக்கின்றனர். சேர்வதோ சிறிது, கரியமிலவாயுவே பெரிதும் வெளியேறுகின்றது. ஆகவே, உயிர்வளி குறைந்துகொண்டே போகும்போதும் மூச்சு முட்டுவதில்லை. எச்சரிக்கை ஏதுமின்றி நீருக்கடியில் நினைவு தப்புகின்றது. நன்கு நீந்த வல்லாரும் இவ்வாறு உயிர் துறந்துள்ளனர்.

முத்துக்குளிப்போர் மூச்சடக்கவில்லையா எனச் சிலர் வினவலாம். மன்னார் வளைகுடாவில் முத்துக்குளித்தோர், தம்மை மேலே இழுத்தற்குரிய கயிற்றைப் பிடித்தபடி ஒருவரைத் தோணியில் நிறுத்திவிட்டே மூழ்கினர். பிழைப்புக்காக மூழ்கிய அவர்களே காவலின்றி இறங்கவில்லை. விளையாட்டுக்காக மூழ்குவோர்க்கு அக்காவலும் இல்லையே!

எனவே, மூச்சடக்கும் பந்தயத்தை வீரம் என்று போற்றுதல் தகாது. நண்பர் அழைப்பினும் மறுத்தலே அறிவுடைமை. மறுத்தவனைக் கோழை என்று நகைப்போர் நகைக்கட்டும். கரையேறி வீடு திரும்புபவனே தாயின் கண்ணீரைத் தடுத்தவன் ஆவான். நீந்தக் கற்போம், நீரில் மகிழ்வோம். ஆயின், உறங்காது நம்மைக் காக்கும் காவலனின் வாயை நாமே அடைத்தல் வேண்டா.